உடலின் மாற்று விறகு

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து இரவொன்றில் நாகபுரியிலிருந்து எம் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளுக்கு அப்போது வயது பதினொன்று. எட்டாம் வயது முதல் நீரிழிவு. நாள்தோறும் நான்கு வேளை இன்சுலின் ஊசி. அன்று காலை முதல் காய்ச்சலும் வாந்தியும் கண்டிருந்தன. "தம்பி, பிள்ளை வெறும் வயிற்றோடு கிடக்கிறாள். கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடாதா? மத்தியானம் போடவில்லை, ராத்திரியும் வேண்டாமென்று பார்க்கிறேன். நீ என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டார். அளவுக் கருவி சர்க்கரை 260 என்று காட்டியதாம். அக்குழந்தைக்கு 260 புதிதன்று. பண்டிகையென்று இனிப்பைத் தொட்ட நாள்களில் 300-ஐயும் தாண்டியதுண்டு. நாம் இலக்கியம் பயின்று, மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர், மருத்துவம் அறியோம். ஆயினும், வீட்டில் படித்த தம்பி என்ற பெயர் ஒன்று இருக்கிறதே! "சரிதான் அக்கா, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு உறங்கப் போனோம்.

இரவு இரண்டு மணிக்கு, பணி முடிந்து திரும்பிய பக்கத்து வீட்டுச் செவிலி அம்மையார், விளக்கு எரிவதைக் கண்டு உள்ளே வந்திருக்கிறார். குழந்தை ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில், அழுகத் தொடங்கிய பழத்தின் மணம். அம்மையார் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டிக்குச் சொல்லியனுப்பினார். மூன்று நாள் தீவிர சிகிச்சைக்குப் பின்னரே பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த மணத்துக்குக் காரணமான பொருளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். அதன் பெயர் கீட்டோன். அதை அறியாமல் நாம் சொன்ன ஒரு சொல் ஓர் உயிரின் விளிம்புவரை சென்று வந்தமையால், பின்னர் நூல்களைத் தேடிப் படிக்கலானோம். நாம் குடியிருக்கும் இந்தத் திருவனந்தபுரம் நகரமும் அதன் கதையில் இடம்பெற்றிருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

உடலுக்கு விறகு இருவகை. ஒன்று சர்க்கரை, மற்றொன்று கொழுப்பு. தசைகள் இரண்டையும் எரிக்க வல்லவை. மூளையோ, கொழுப்பு அமிலங்களை நேரே எரிக்க இயலாதது. அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை வேண்டும். கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையோ ஒரு நாள் பட்டினிக்கே சரியாகிவிடும். அதற்குப் பின் மூளை எதைத் தின்று வாழ்கிறது? தசையின் புரதத்தைக் கரைத்தே சர்க்கரை செய்ய வேண்டுமாயின், சில வாரங்களில் மனிதன் எலும்புக்கூடாகி மாண்டுபோவான். ஆனால் தண்ணீரை மட்டும் அருந்தி இரண்டு மாதம்வரை உயிர் தாங்கியவர்கள் உண்டு.

இப்புதிருக்கு விடையாய் அமைவதே கீட்டோன். உணவு நின்றதும், உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதைச் சிறு துண்டுகளாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. அசிட்டோஅசிட்டிக் அமிலம், பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரிக் அமிலம், அசிட்டோன் என்று இவை மூன்று. நாவிற்கு வழங்காத பெயர்கள்தாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதைப் 'பீட்டா அமிலம்' என்று சுருக்கிக்கொள்வோம். முதலிரண்டும் எரிபொருள். மூன்றாவதான அசிட்டோன் மூச்சோடு வெளியேறுவது. பழ மணம் அதனுடையது. இதில் வியப்பென்னவென்றால், இவற்றை ஆக்குகிற கல்லீரலுக்கு இவற்றை எரிக்கும் நொதி கிடையாது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடும் தவசிப்பிள்ளை அந்தப் பந்தியில் அமர்வதில்லை.

மூளை கீட்டோனை உண்கிறது என்பதை எவ்வாறு கண்டனர்? அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கேஹில் என்ற பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், மருத்துவமனையில் ஐந்தாறு வாரம் உண்ணாதிருக்க இசைந்த பருத்த உடலினர் மூவரை ஆராய்ந்தனர். மூளைக்குள் செல்லும் இரத்தத்தில் என்ன இருக்கிறது, கழுத்துச் சிரை வழியே மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்தில் என்ன எஞ்சுகிறது என்று இரண்டையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தனர். கழித்ததில் வந்ததே மூளை உண்டது. கடைக்குப் போன பையனிடம் கொடுத்த பணத்தையும் அவன் கொண்டுவந்த மீதியையும் வைத்துச் செலவைக் கண்டுபிடிக்கிறோமே, அதே கணக்குத்தான். மூளையின் எரிபொருளில் பெரும்பகுதி, அதாவது மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி, கீட்டோனாக இருந்தது. 1967-இல் இது வெளியாயிற்று. மூளை சர்க்கரையை மட்டுமே உண்ணும் என்று அதுவரை பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. ஏகாதசி விரதம் இருக்கும் பாட்டிமார் மாலையிலும் தெளிந்த அறிவோடு கதை சொல்லுவது எதனால் என்பதில் ஒரு பங்கு இதில் அடங்கியிருக்கிறது.

இங்கே அளவையைப் பற்றி ஒரு நுட்பம் கூற வேண்டும். எங்கள் நாஞ்சில் நாட்டில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, "தண்ணீர் நிறைய இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். வரத்து மிகுதியா, மடை அடைத்திருக்கிறதா என்று மட்டத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இரத்தத்தில் கீட்டோன் அளவு என்பதும் இந்த நீர்மட்டமே. கல்லீரல் ஆக்குவது வரத்து. மூளையும் தசையும் இதயமும் எரிப்பது மடைப் போக்கு. வரத்தையும் போக்கையும் தனித்தனியே அறிய வேண்டுமானால், அடையாளமிட்ட கரி அணுக்களைக் கொண்ட கீட்டோனைச் சிறிதளவு இரத்தத்தில் செலுத்தி, அது எவ்வளவு விரைவில் நீர்த்துப்போகிறது என்று ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். நீண்ட பட்டினியில் கல்லீரல் நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் கீட்டோன் ஆக்குவது இப்படி அறியப்பட்டதே. வீட்டிலும் மருத்துவமனையிலும் நாம் அளப்பது நீர்மட்டத்தை மட்டுமே. ஆகவே அந்த எண்ணை, இது யாருடைய குளம் என்று கேட்காமல் படிக்கலாகாது.

வரத்துக் காலில் ஒரு கதவு உண்டு. அக்கதவுதான் இன்சுலின். இன்சுலினைச் சர்க்கரையோடு மட்டுமே சேர்த்து எண்ணிப் பழகிவிட்டோம். கொழுப்பு வெள்ளமாகக் கரைந்து கல்லீரலுக்குள் புகாமல் தடுப்பதும் அதுவே. இந்த வேலைக்குச் சிறிதளவு இன்சுலின் போதும். விரதம் இருப்பவருக்கு அச்சிறிதளவு எப்போதும் சுரந்துகொண்டிருக்கிறது. இரவு உணவுக்குப் பின் விடியும்வரை உண்ணாதவருக்கு லிட்டருக்கு 0.1 முதல் 0.3 மில்லிமோல் அளவில் நிற்கும் கீட்டோன், பல நாள் பட்டினியில் 6, 7 என்று ஏறி, அங்கே தானாகவே நிலைத்துவிடுகிறது. எம் தமக்கை மகளைப் போன்ற குழந்தைக்கோ கணையம் இன்சுலினை அறவே சுரப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் கதவே இல்லை. காய்ச்சல் வந்துவிட்டாலோ, நோயை எதிர்க்க உடல் சுரக்கும் வேறு இயக்குநீர்கள் வரத்தை இன்னும் பெருக்குகின்றன. உண்ணாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்ற எங்கள் கேள்வி இங்கேதான் பிழைபட்டது. ஊசி அவள் உண்ணும் சோற்றுக்கு மட்டும் அன்று. அவளுடைய கொழுப்பே அவளைக் கரைத்துவிடாமல் காப்பதற்கும் ஆகும். நோய் கண்ட நாளில் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அடியோடு நிறுத்துவது மட்டும் கூடாது.

கீட்டோன்கள் அமிலங்கள் அல்லவா? அவை பெருகினால் இரத்தம் புளிக்கத் தொடங்கும். அப்புளிப்பைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளவே மூச்சு அவ்வளவு ஆழமாக வாங்குகிறது. அம்மூச்சை 1874-இல் விவரித்தவர் ஜெர்மானியரான குஸ்மால். இன்சுலின் காணப்படாத அந்நாளில் அது பெரும்பாலும் இறுதி மூச்சாகவே இருந்தது. 1922 ஜனவரியில், கனடா நாட்டு டொராண்டோவில், லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினர். பதினொன்றாம் தேதி போட்ட முதல் ஊசியில் சர்க்கரை ஓரளவு இறங்கியது, கீட்டோன் போகவில்லை, மருத்துவர்கள் மனம் தளர்ந்தனர். கோலிப் என்பவர் தூய்மை செய்த மருந்தை இருபத்து மூன்றாம் தேதி செலுத்தியபோதுதான் சிறுநீரிலிருந்து கீட்டோன் மறைந்தது. இன்சுலின் வென்றது என்பதை உறுதிப்படுத்தியதில் சர்க்கரைக்கு இருந்த பங்கு கீட்டோனுக்கும் இருந்தது.

கீட்டோனைக் கண்டறியும் பழைய முறையொன்றை மருத்துவக் கல்லூரி மாணவர் இன்றும் பயில்கின்றனர். 1908-இல் ரோத்தெரா வகுத்த சோதனை அது. சிறுநீரில் அம்மோனியம் சல்பேட்டு உப்பைக் கரையுமட்டும் போட்டு, நைட்ரோபுருசைடு சேர்த்து, மேலே அம்மோனியாவை மெல்ல ஊற்றினால், இரண்டும் சந்திக்குமிடத்தில் கத்தரிப்பூ நிற வளையம் ஒன்று தோன்றும். மருந்துக் கடையில் விற்கும் சிறுநீர்ப் பட்டையும் இதே வேதியியல்தான். குழாயும் கரைசலும் காகிதத் துண்டுக்குள் அடங்கிவிட்டன. பட்டையை நனைத்து, குறித்த நொடிகள் கழித்து, புட்டியின் மேலுள்ள வண்ண வரிசையோடு ஒப்பிடுவார்கள்.

எளிய முறை, விலை குறைவு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறம் மாற்றுவது அசிட்டோஅசிட்டிக் அமிலம் மட்டுமே. பீட்டா அமிலம் இப்பட்டையின் கண்ணில் படுவதில்லை. உடல் நலமாயிருக்கையில் இரண்டும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும். நோய் முற்றுகையில் பீட்டா அமிலம் மூன்று மடங்காகும். சிலருக்குப் பத்து மடங்கும் ஆகும். ஆகவே ஆபத்து மிகுந்திருக்கும் நேரத்திலேயே பட்டை குறைத்துக் காட்டக்கூடும். சிகிச்சை தொடங்கியபின்போ, பீட்டா அமிலம் மற்றதாக மாறுவதால், நோயாளி தேறிவரும்போது பட்டையின் நிறம் அடர்ந்து உறவினரை அச்சுறுத்தும். மேலும், சிறுநீர் சில மணி நேரத்துக்கு முந்திய செய்தியையே தருகிறது. நேற்றைய தபாலைப் படித்து இன்றைய நிலைமையைத் தீர்மானிப்பது போன்றது அது.

விரல் நுனிக் குருதியில் பீட்டா அமிலத்தையே அளக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. பட்டையின் விலை அதிகம்தான். ஆனால் இது நாள்தோறும் வேண்டுவதன்று, நோய் கண்ட நாளுக்கு மட்டுமே. 0.6-க்குக் கீழ் அச்சமில்லை. 0.6-க்கும் 1.5-க்கும் இடையில் கவனம் தேவை. சில மணியில் மறுபடியும் பார்க்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 3-ஐத் தொட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும், எண்ணைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருத்தலாகாது; மருத்துவமனைதான். அன்றிரவு நாகபுரி மருத்துவமனையில் எங்கள் பிள்ளைக்கு 6-க்கு மேல் இருந்ததாகச் சொன்னார்கள். அவளுடைய சர்க்கரை அப்போதும் 300-ஐ எட்டவில்லை.

சர்க்கரை அவ்வளவு ஏறாமலே கீட்டோன் ஏறலாம் என்பதற்கு அவள் சான்று. இதற்கு நேர்மாறான நோயாளிகளைக் கண்டது இந்தக் கேரள நாடு. 1960-களில் டாக்டர் பி. ஜே. கீவர்கீசும் அவருடைய சகாக்களும் இங்கே ஒரு புதுவகை நீரிழிவை விரித்து எழுதினர். மெலிந்த இளைஞர்கள், பெரும்பாலும் ஏழைகள். சிறுவயதில் வயிற்றுவலி, பின்னர் எக்ஸ்-கதிர்ப் படத்தில் கணையம் நெடுகக் கற்கள், அதன் பின் கடும் நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை 400, 500 என்று நிற்கும். அந்நிலையில் மயங்கி வீழ்ந்திருக்க வேண்டியவர்கள், நடந்தே மருத்துவமனைக்கு வருவார்கள். சிறுநீரைச் சோதித்தால் கத்தரிப்பூ வளையம் தோன்றாது. இன்சுலினை நிறுத்தினாலும் அவர்களுக்குக் கீட்டோன் எளிதில் பெருகுவதில்லை. இந்தோனேசியாவில் சுய்டமா என்பவர் 1950-களில் இத்தகையோரைக் கண்டு எழுதியிருந்தார். எனினும், கீவர்கீஸ் திரட்டிய தொகுப்பு உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அவருடைய நூல் 1968-இல் பம்பாயில் வெளியாயிற்று.

ஏன் பெருகவில்லை? கற்களால் சிதைந்த கணையத்திலும் ஒரு துளி இன்சுலின் எஞ்சியிருக்கிறது. சர்க்கரையை அடக்க அது போதாது, கொழுப்பின் கதவைச் சாத்த அது போதும் என்பது பலர் ஏற்கும் விளக்கம். கரைவதற்கு அவர்கள் உடலில் கொழுப்பே இல்லை என்பது மற்றொன்று. வறுமை சில வேளைகளில் இப்படியும் காக்கும் போலும். அதைக் காப்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நோய்க்குக் காரணம் மரச்சீனிக் கிழங்கிலுள்ள நச்சுப்பொருள் என்று ஒரு காலத்தில் கருதினர். விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மருந்தாகப் பரப்பிய கிழங்கின்மேல் வந்த பழி அது. கிழங்கு உண்ணாத இடங்களிலும் இந்நோய் காணப்பட்டதாலும், மரபணுக் குறைகள் பின்னர் கண்டறியப்பட்டதாலும் அப்பழி பெரிதும் நீங்கிற்று. இதற்கு உறவான மற்றொரு வகையை, அதாவது கணையக் கல் இல்லாமலே ஊட்டக்குறைவால் மெலிந்தோர்க்கு வரும் நீரிழிவை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் உள்ளிட்டோர் ஆராய்ந்துவந்தனர். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் அதற்கு 'ஐந்தாம் வகை' என்று பெயரிட்டது.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து மக்களுக்கு அது 'ஸ்ரீ சித்ரா'. 1998-இல் அங்கே வலிப்பு நோய்க்கென ஆர். மாதவன் நாயர் பெயரில் தனி மையம் ஏற்பட்டது. அங்குள்ள சில தாய்மார், தம் குழந்தைக்குக் கீட்டோன் ஏறவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள்! மருந்துகளுக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த, சர்க்கரை மிகக் குறைந்த உணவைக் கொடுத்து, பட்டினியின் நிலையை உணவோடே உண்டாக்குவது ஒரு சிகிச்சை. உபவாசத்தால் வலிப்புக் குறைவதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். அதை உணவாக்கலாம் என்று 1921-இல் அமெரிக்க மேயோ மருத்துவமனையின் வைல்டர் கூறினார். இலண்டனில் 2008-இல் வெளியான ஆய்வில், இவ்வுணவை உண்ட குழந்தைகளுள் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உண்ணாதவருள் 6 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது.

சொல்வது எளிது, செய்வது தவம். கடுமையான முறையில், புரதமும் மாவும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். ஒவ்வொரு கவளமும் தராசில் ஏறியே தட்டுக்கு வரும். இட்லியும் சோறும் பார்வைக்கு மட்டுமே. இருமல் மருந்தில் கலந்த சர்க்கரைப் பாகுகூடக் கீட்டோனைக் குலைத்துவிடும். திருவிழாவில் உறவினர் அன்போடு ஊட்டிய ஒரு துண்டு மைசூர்ப்பாகு பல நாள் உழைப்பைக் கரைத்துவிடலாம். அன்புக்கு அணை போடுவதுதான் அந்தத் தாய்மாருக்குப் பெரும்பாடு. இரத்தத்தில் கீட்டோன் 2-க்கும் 5-க்கும் இடையே நிற்பதை அவர்கள் விரும்புகிறார்கள். எங்கள் பிள்ளையின் வீட்டில் 4 என்றால் வண்டி பிடித்து ஓட வேண்டும். இந்தக் குழந்தையின் வீட்டில் 4 என்றால் அன்று நல்ல நாள். ஒரே எண், குளங்கள் வேறு. ஒன்றில் கதவு பழுதின்றி இருக்கிறது. மற்றொன்றில் கதவே இல்லை. இவ்வுணவை உடல் மெலிய வேண்டித் தாமாகவே மேற்கொள்ளும் வழக்கம் நகரங்களில் பெருகியிருக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகளோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்கலாகாது. இம்மாத்திரைகளை உண்போர்க்குச் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே கீட்டோன் ஏறி ஆபத்து நேர்வதுண்டென்று 2015-இல் எச்சரிக்கை வந்தது. நீண்ட விரதத்துக்கு முன்னும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி, எம் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தி. நாகபுரி நிகழ்ச்சிக்குப் பின், வெளிமாநிலங்களில் வாழும் நம் உறவினர்க்கென இவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க முற்பட்டோம். கீட்டோனுக்குத் தமிழ்ச்சொல் ஆக்க வேண்டும் என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். 'கொழுப்புச் சிதைபொருள்' என்று எழுதி, அடித்து, 'மாற்று எரிபொருள்' என்று எழுதி, அதையும் அடித்தோம். பிறகு ஓர் எண்ணம் வந்தது. இரவு இரண்டு மணிக்கு, மொழி தெரியாத ஊரில், மருத்துவமனை வாயிலில் நிற்கும் தாய்க்கு எந்தச் சொல் உதவும்? மராத்தியிலும் இந்தியிலும் வங்காளியிலும் மலையாளத்திலும் மருத்துவர் அறிந்த சொல் கீட்டோன். "என் பிள்ளைக்கு இன்சுலின் நீரிழிவு, வாந்தி, கீட்டோன் பாருங்கள்" என்று எந்த ஊரிலும் அரைகுறை மொழியில் சொல்லிவிடலாம். தூய சொல்லைக் கைவிட்டதில் எமக்கு வருத்தமில்லை. தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் 'கீட்டோன்' என்றே எழுதினோம். கீழே, பட்டைப் புட்டியின் மூடியை உடனுக்குடன் இறுக மூட வேண்டும், ஈரக் காற்றுப் பட்டால் பட்டை பொய் சொல்லும் என்று சேர்த்தோம். அது கடற்கரை ஊர்க்காரர்க்காக எழுதியது. அந்தத் தாள் நாகபுரி வீட்டின் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

எம் தமக்கை மகளுக்கு இப்போது பதினேழு வயது. சென்ற மாதம் அவளுக்குக் காய்ச்சல். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "மாமா, சர்க்கரை 280. கீட்டோன் 0.4. ஊசி போட்டுவிட்டேன். உப்புப் போட்ட கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு மணிக்கு மறுபடியும் பார்ப்பேன்" என்றாள். போடலாமா என்று அவள் எம்மைக் கேட்கவில்லை.